காத்து எந்தப் பக்கம் அடிக்கிறது?



பத்தாங் பெர்ஜுந்தாய் என்று நாம் சொல்லிப் பழகிய ஊருக்கு 2007ஆம் ஆண்டிலிருந்து பெஸ்தாரி ஜெயா என்று பெயர். பலகையில் பெயர் மாறினாலும் நம் வாயில் இன்னும் மாறவில்லை. இந்த வட்டாரத்துக்கு ஒரு பெருமை உண்டு. நம் நாட்டில் வாணிப முறையில் முதன்முதலாகச் செம்பனை நடப்பட்டது இங்கேதான். ஆண்டு 1917. நடவு செய்வித்தவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். தோட்டத்தின் பெயர் தென்னமரம். துரை பிரெஞ்சுக்காரர், மரம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, தோட்டத்துக்குப் பெயர் மட்டும் தமிழ்! பிற்பாடு அந்தத் துரை மலாயாவைப் பற்றி ஒரு நாவல் எழுதி, 1930ல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் பெற்றார். காட்டை வெட்டிக் குழி தோண்டிய கைகளுக்குப் பரிசு கொடுக்க யாரும் வரவில்லை. அது போகட்டும்.

நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, அந்தச் செம்பனைக்கு மேலே இப்போது டிரோன் பறக்கிறது. நான்கு அல்லது ஆறு விசிறிகளும் வயிற்றில் ஒரு மருந்துத் தொட்டியும் உள்ள ஆளில்லாச் சிறு விமானம் இது. பக்கத்தில் தஞ்சோங் காராங், சிகிஞ்சான் நெல் வயல்களில் மருந்தடிக்கும் டிரோன் நம்மவர்களுக்குப் புதுக் காட்சி அல்ல. செம்பனையிலும் மறுநடவுக் காட்டுக்கும், மட்டையைத் தின்று தீர்க்கும் கூட்டுப்புழுவுக்கும் டிரோனை இறக்குகிறார்கள்.

"நமக்கென்ன, முதுகுல தோம்பு சுமக்கிற பாரம் மிச்சம்" என்று சிலர் சொல்கிறார்கள். "நம்ம வேலை போச்சு" என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இரண்டு பேச்சிலும் நியாயம் உண்டு. ஆனால் இந்த இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த டிரோன் மருந்தைத் திறக்கும் நேரத்தில் காத்து எந்தப் பக்கம் அடிக்கிறது? எவ்வளவு வேகத்தில் அடிக்கிறது? அதை யார் அளந்தார்கள், எங்கே எழுதி வைத்தார்கள்?

இதை ஏன் கேட்க வேண்டும் என்பதையும், காற்றை அளக்கும் சின்னஞ்சிறு கருவிகளை டிரோன் மீதே பொருத்தும் வித்தை இன்று எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதையும் இந்த வாரம் பார்ப்போம்.

காற்றை அளந்த கதை

கண்ணுக்குத் தெரியாத காற்றை அளப்பது எப்படி? 1805ல் பியூஃபோர்ட் என்ற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி, கடலும் கப்பல் பாயும் என்ன செய்கின்றன என்பதைப் பார்த்தே காற்றுக்குப் படி வகுத்தார். 1846ல் அயர்லாந்தைச் சேர்ந்த ராபின்சன் என்பவர், சுற்றும் கிண்ணங்களைக் கொண்ட காற்றுமானியை அமைத்தார். பால்மரத்துக் கோப்பை போன்ற கிண்ணங்களை ஒரு தண்டில் கட்டிச் சுழல விட்டது போல இருக்கும். எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணினால் காற்றின் வேகம் கிடைக்கும். விமான நிலையங்களில் இன்றும் இதைப் பார்க்கலாம்.

இந்தக் காற்றளவை வேலையில் ஒரு பெண்மணியின் பெயரை நாம் மறந்துவிடக் கூடாது. அவர் அன்னா மணி. 1918ல் கேரளத்து மலைத்தோட்டப் பகுதியான பீர்மேட்டில் பிறந்தவர். அவர் லயத்துப் பிள்ளை அல்ல, ஏலக்காய்த் தோட்டம் வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. எட்டாவது பிறந்த நாளுக்கு வைரத்தோடு தருகிறோம் என்றபோது, "அது வேண்டாம், கலைக்களஞ்சியம் வாங்கித் தாருங்கள்" என்று கேட்டவர் என்பார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். பெங்களூரில் சர் சி. வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லி அவருக்கு டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. அவர் சோர்ந்து உட்காரவில்லை. லண்டன் சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்று 1948ல் திரும்பினார். இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகிக்கொண்டிருந்த கருவிகளை உள்நாட்டிலேயே செய்ய வழி வகுத்தார். 1976ல் ஓய்வு பெற்ற பிறகும் இந்தியாவின் காற்றை இடம் இடமாக அளக்கும் வேலையில் இறங்கி, 1980களில் அந்தக் கணக்கைப் புத்தகங்களாக வெளியிட்டார். 2001ல் காலமானார்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தலில் இன்று ஆயிரக்கணக்கில் காற்றாலைகள் சுற்றுகின்றன. ஆடி மாதக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் முன்னோர் சொல்லிக்கொண்டிருந்த அதே காற்று இப்போது மின்சாரம் தருகிறது. எந்த இடத்தில், எந்த உயரத்தில், எந்த மாதத்தில் எவ்வளவு அடிக்கிறது என்று ஒருவர் பொறுமையாக அளந்து எழுதி வைத்தால்தான் அது காசாகும். அளக்காத வரை அது வெறும் காற்றுத்தான்.

டிரோன் தலையில் ஒரு காது

இனி புதிய கருவிக்கு வருவோம். சுற்றும் கிண்ணம் டிரோனுக்கு ஒத்துவராது. அது பாரம், ஆடும், உடையும். அதனால் ஒலியைக் கொண்டு அளக்கும் உணர்கருவி வந்தது. சென்சார் என்று சொல்கிறார்களே, அதுதான். கைக்குள் அடங்கும் அளவு, சுமார் 50 கிராம் எடையிலேயே இப்போது கிடைக்கிறது.

வேலை செய்யும் விதம் எளிது. சுங்கை சிலாங்கூரில் படகு விட்டவர்களைக் கேளுங்கள். நீரோட்டத்தோடு போனால் சீக்கிரம் போய்ச் சேரலாம், எதிர்த்துப் போனால் நேரம் பிடிக்கும். இரண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொண்டே ஆற்றின் வேகத்தைச் சொல்லிவிடலாம் அல்லவா? இந்தக் கருவியில் படகுக்குப் பதில் ஒலி. மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கும், மறு முனையிலிருந்து இந்த முனைக்கும் அனுப்புகிறார்கள். காற்றோடு போகும் ஒலி முந்திக்கொள்ளும், எதிர்த்து வரும் ஒலி பிந்தும்.

எவ்வளவு பிந்தும்? நம் ஊர் வெயிலில் ஒலி வினாடிக்குச் சுமார் 349 மீட்டர் ஓடுகிறது. இரு முனைகளுக்கும் இடையே 10 சென்டிமீட்டர் இடைவெளி, காற்று வினாடிக்கு 5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், போக வர உள்ள நேர வித்தியாசம் ஒரு வினாடியைப் பத்து லட்சமாகப் பிரித்ததில் வெறும் 8 பங்கு! அந்த 8 பங்கைப் பிழையில்லாமல் எண்ணிச் சொல்கிறது, இந்த உள்ளங்கைக் கருவி.

ஆனால் டிரோனில் ஒரு சங்கடம் உண்டு. டிரோனே காற்றைக் கிளப்பும் யந்திரம். தன் விசிறிக் காற்றையே அளந்துவிட்டு, "ஊரில் புயல்" என்று சொன்னால் என்ன செய்வது? அதனால் விசிறிகளின் காற்று எட்டாத உயரத்தில், ஒரு கம்பியை நட்டு அதன் உச்சியில் கருவியை வைக்கிறார்கள். டிரோன் தானும் நகர்வதால், செயற்கைக்கோள் வழியே அதன் வேகத்தைத் தெரிந்து கழித்துக்கொள்கிறார்கள்.

உணர்கருவியே இல்லாமல் அளக்கும் வழியும் உண்டு. எதிர்க்காற்றில் சைக்கிள் ஓட்டுபவர் முன்னால் சாய்ந்து மிதிப்பார். காற்று பலமாக இருந்தால் இன்னும் சாய்வார். டிரோனும் ஒரே இடத்தில் நிற்க வேண்டுமானால் காற்றை எதிர்த்துச் சாய வேண்டும். எவ்வளவு சாய்கிறது என்பதைக் கொண்டு காற்றைக் கணக்கிடுகிறார்கள். இது தோராயக் கணக்கு. கம்பியில் வைத்த கருவியே மேல்.

வானிலைத் துறைகளும் இதில் இறங்கியிருக்கின்றன. உலகமெங்கும் வானிலையாளர்கள் பலூனில் கருவி கட்டி, நாளுக்கு இரண்டு முறை மேலே விடுகிறார்கள். பலூன் வெடிக்கும், கருவி எங்கோ விழும். டிரோன் அப்படியல்ல, மேலே போய் அளந்துவிட்டுத் திரும்பி வரும். சுவிட்சர்லாந்தில் இதற்கென்றே டிரோன் செய்கிறார்கள். உலக வானிலை அமைப்பு 2024ல் பல நாடுகளைச் சேர்த்து டிரோன் அளவைகளை ஒரு சேரச் சோதித்துப் பார்த்தது.

நம் வட்டாரத்துக் காற்று

"வானிலை அறிக்கைதான் ரேடியோவில் சொல்கிறார்களே, அது போதாதா?" என்று கேட்கலாம். போதாது.

கோலசிலாங்கூர் கடற்கரை மாவட்டம். பகலில் கடலிலிருந்து தரைக்கும், இரவில் தரையிலிருந்து கடலுக்கும் காற்று வீசும். காலை ஏழு மணிக்கு ஒரு பக்கம் அடித்த காற்று, பதினோரு மணிக்குத் திரும்பிவிடும். பெரட்டுக் களத்தில் பார்த்த காற்றை நம்பி நடுப்பகலில் மருந்தடிக்க முடியாது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து சூறைக்காற்று திடீரென்று வந்து கூரையைத் தூக்கும். அதற்கே 'சுமத்ரா' என்றுதான் பெயர். பருவக்காற்று மாறும் மாதங்களில் பிற்பகல் இடிமழைக்கு முன்னால் காற்று நாலாபுறமும் சுழன்று அடிக்கும். இதெல்லாம் வெளிக்காட்டில் நின்றவர்களுக்குத் தெரியும்.

காற்று கொண்டுவரும் கேட்டையும் நாம் அறிவோம். 2005 ஆகஸ்டில் சுமத்ராவில் எரிந்த காட்டின் புகையை தென்மேற்குக் காற்று இங்கே கொண்டுவந்து கொட்டியது. ஆகஸ்ட் 11ஆம் தேதி காற்றுத்தூய்மைக் கேட்டின் அளவு 500ஐத் தாண்டி, கிள்ளான் துறைமுகத்திலும் நம் கோலசிலாங்கூரிலும் அரசாங்கம் அவசர நிலையை அறிவித்தது. எங்கோ வைத்த நெருப்பு இங்கே வந்து நம் பிள்ளைகளின் நெஞ்சை அடைத்தது. காற்றுக்கு எல்லைக் கல் கிடையாது.

இன்னொன்று. தரையில் இருக்கும் காற்றும் மரத்துக்கு மேலே இருக்கும் காற்றும் ஒன்றல்ல. வளர்ந்த செம்பனைக்கு அடியில் நின்றால் காத்தே இல்லை என்று தோன்றும். மட்டைக்கு மேலே அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும். டிரோன் மருந்தைத் திறப்பது மேலே. அடியில் நிற்பவர் கையில் பிடித்துப் பார்க்கும் காற்றுமானி அந்த மேல்காற்றைச் சொல்லாது. டிரோன் மீதே உணர்கருவி வேண்டும் என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

துளியின் கணக்கு

மருந்துத்துளி எவ்வளவு தூரம் போகும்? பத்தடி உயரத்திலிருந்து விடுவதாக வைத்துக்கொள்வோம். காற்று மணிக்கு 5 கிலோமீட்டர், அதாவது முகத்தில் பட்டும் படாமலும் உள்ள இளங்காற்று. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் நான்கு பங்கு பருமனுள்ள துளி இரண்டு வினாடியில் தரைக்கு வரும். எட்டடி தள்ளி விழும். பத்தில் ஒரு பங்கு பருமனுள்ள பொடித்துளியோ சுமார் 11 வினாடி அந்தரத்தில் மிதக்கும். நாற்பதடிக்கு மேல் தள்ளிப்போய் விழும். அதைவிடப் பொடியானது பனிப்புகை மாதிரி. எங்கே போகும் என்று சொல்ல முடியாது. காற்று இரட்டித்தால் தூரமும் இரட்டிக்கும்.

நாற்பதடிக்குள் நம் தோட்டத்தில் என்னென்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வீட்டு வாசலில் காயும் துணி, கொல்லையில் முருங்கையும் கீரையும், மாட்டுக் கொட்டகை, கான், சில இடங்களில் பிள்ளைகள் விளையாடும் திடலும் கூட!

டிரோன் தொட்டி சிறியது. அதனால் தண்ணீரைக் குறைத்து மருந்தைக் கெட்டியாகக் கலக்குகிறார்கள். முதுகுத் தோம்பில் வரும் துளியைவிட இந்தத் துளி வீரியம் கூடியது. கலப்பவரும் டிரோன் இறங்கும்போது தொட்டி நிரப்புபவரும் யார்? நம் ஆட்கள்தான். வளர்ந்த மரத்துக்கு அடியில் புல்லுக்கு மருந்தடிப்பதும் இன்னும் பெரும்பாலும் தோம்பு சுமக்கும் மனிதர்தான்.

காற்றே இல்லாவிட்டால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு! விடியற்காலையில், மூடுபனி தரையோடு படுத்திருக்கும் நேரத்தில், மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல நிற்கும். கீழே குளிர்ந்த காற்று அசையாமல் கிடக்கும். அடுப்புப்புகை மேலே போகாமல் லயத்துக்குள்ளேயே படர்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நேரத்தில் அடித்த பொடித்துளி கீழே விழாமலும் கலையாமலும் மேகமாக நின்று, கொஞ்சம் அசைவு வந்ததும் அப்படியே நகர்ந்து எங்கோ போய் இறங்கும். மணிக்கு 3 கிலோமீட்டருக்குக் குறைந்தாலும் ஆகாது, 15க்கு மேல் போனாலும் ஆகாது என்று தெளிப்புத் துறையினர் பொதுவாகச் சொல்வது இதனால்தான்.

டிரோன் பறக்கத் தாங்கும் காற்று வேறு, மருந்து தெளிக்கத் தகுந்த காற்று வேறு. "யந்திரம் தாங்குது, அடி" என்று எவரும் சொன்னால் ஏமாந்துவிடக் கூடாது.

காசர்கோட்டின் பாடம்

வானத்திலிருந்து மருந்தடித்தால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளத்தின் காசர்கோடு சாட்சி. அங்கே அரசுக்குச் சொந்தமான முந்திரித் தோட்டங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். தோட்டங்களுக்கு நடுவிலும் மலைச்சரிவின் கீழேயும் வீடுகள், கிணறுகள், பள்ளிக்கூடங்கள். நாளடைவில் அந்தக் கிராமங்களில் ஊனத்தோடும் மூளை வளர்ச்சிக் குறையோடும் பிள்ளைகள் பிறப்பதை மக்கள் கண்டார்கள். லீலாகுமாரி அம்மா என்ற விவசாயத் துறை ஊழியர் 1998ல் கோர்ட்டுக்குப் போனார். 2000த்தில் வானத்துத் தெளிப்பு நின்றது. 2011ல் இந்திய உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்கே தடை போட்டது. 2017ல் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலைக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று கேரள அரசுக்கு உத்தரவிட்டது. எத்தனை ஆண்டுகள் ஆயிற்று பாருங்கள்! அதற்குள் ஒரு தலைமுறை படுக்கையில் வளர்ந்துவிட்டது.

நம் நாட்டுக் கதையும் தெரிந்ததுதான். பாராகுவாட் மருந்தை ஆண்டுக்கணக்கில் முதுகில் சுமந்தவர்களில் பெரும்பாலோர் நம் தாய்மார்கள். நகம் கழன்றது, மூக்கில் ரத்தம் வந்தது, கண் எரிந்தது. தெனாகனிதா அமைப்பு 2002ல் அவர்களுடைய நிலையை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு அரசாங்கம் பாராகுவாட்டை விலக்கத் தீர்மானித்தது. 2006ல் அந்தத் தடை தளர்ந்தது. 2020 ஜனவரி 1ஆம் தேதிதான் முழுத்தடை வந்தது. ஒரு விஷத்தை வெளியேற்ற 18 ஆண்டுகள்! மருந்தின் பெயர் மாறும், தெளிக்கும் கருவியும் மாறும். மூச்சு விடுகிறவன் மாறவில்லை.

நாம் கேட்க வேண்டியவை

டிரோனை எதிர்த்துக் கல்லெடுக்கச் சொல்லவில்லை. பாரம் சுமந்து கூன் விழுந்தவர்களுக்கு அது விடுதலையும் ஆகலாம். ஆனால் கீழ்க்கண்டவற்றைத் தோட்ட நிர்வாகத்திடமும் குத்தகைக்காரரிடமும் ஒற்றுமையாகக் கேட்க வேண்டும்.

முதலாவது, மருந்தடிக்கும் ஒவ்வொரு தடவையும் காற்றின் வேகமும் திசையும் டிரோன் பறக்கும் உயரத்திலேயே அளக்கப்பட்டு, நேரத்தோடு எழுதப்பட வேண்டும். அந்தக் கணக்கை தொழிலாளர் பிரதிநிதி பார்க்க வசதி வேண்டும்.

இரண்டாவது, எந்த நாள், எந்த நிரை, என்ன மருந்து என்பதை முதல் நாளே வீடுகளுக்குச் சொல்ல வேண்டும். துணியை எடுக்கவும் தண்ணீரை மூடவும் பிள்ளைகளை உள்ளே வைக்கவும் அவகாசம் வேண்டும்.

மூன்றாவது, வீடு, பள்ளி, கோயில், கான் இவற்றின் ஓரமாக அடிக்காத எல்லை விட வேண்டும். காற்று அவற்றை நோக்கி அடித்தால் அன்று வேலை நிற்க வேண்டும். நின்றதற்காக நாள் கூலியில் கை வைக்கக் கூடாது.

நான்காவது, மருந்து கலப்பவருக்கும் நிரப்புபவருக்கும் கையுறை, கண்ணாடி, முகமூடி, குளிக்கத் தண்ணீர். டிரோன் வந்துவிட்டது என்று சொல்லி இவற்றை நிறுத்தக் கூடாது.

ஐந்தாவது, டிரோன் ஓட்டும் பயிற்சி நம் பிள்ளைகளுக்கும் வேண்டும். வெளியூர்க் கம்பெனி வந்து ஓட்டிவிட்டுப் போக, நாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பதா?

சட்டமும் நம் பக்கம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. உயிருக்கோ உடலுக்கோ கடும் ஆபத்து நெருங்கியிருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, அதைத் தெரிவித்தும் முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. 40 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும். அந்தக் குழுவில் உட்கார்ந்து, "காத்துக் கணக்கு எங்கே?" என்று ஒரு தாய் கேட்கட்டும். அதுவரை பேசாதவர்களுக்கும் வாய் வரும்.

கருவி வரும் வரை

கருவி வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. கண் இருக்கிறது. புகை நேரே எழும்பினால் காற்று இல்லை, மருந்தடிக்க ஆகாது. புகை சாய்ந்து போனால் மணிக்கு 5 கிலோமீட்டருக்குள். முகத்தில் காற்றுப் பட்டு இலை சலசலத்தால் 6 முதல் 11 வரை. தெளிக்கலாம், திசை பார்த்து. இலையும் சிறு குச்சியும் ஓயாமல் ஆடி, கொடி விரிந்து பறந்தால் 12 முதல் 19 வரை, நிறுத்துவது நல்லது. தூசியும் காகிதமும் கிளம்பினால் 20க்கு மேல், தொட்டியை மூடு!

வீட்டு வாசலில் ஒரு மூங்கில் நட்டு, பழைய துணிப்பட்டை ஒன்றைக் கட்டுங்கள். லயத்துக்கு ஒன்று போதும். அது பறக்கும் திசை நம் வீட்டை நோக்கியா, அப்பாலா என்று பார்த்துக்கொள்ளச் சின்னப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுங்கள். தேதி, நேரம், திசை, வந்த வாடை, யாருக்குக் கண் எரிந்தது, யாருக்கு வாந்தி என்பதை ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வையுங்கள். நாளைக்கு அதிகாரி முன்னால் நிற்கும்போது வாய்ச்சொல் பறந்துவிடும், எழுதிய தாள் நிற்கும்.